குருபக்தியும் குழந்தையின் மௌனமும்

மலைநாட்டுத் தமிழ் இலக்கியத்தைப் பற்றிப் பேசப் புகும் நாம், ஒரு பெருமையை முதலிற் சொல்லிக்கொள்வது வழக்கம். துரையின் பங்களாவிலும், கங்காணியின் கணக்கிலும், கொழுந்து நிறுக்கும் தராசிலும் மறைந்து கிடந்த சுரண்டலை அம்பலத்துக்குக் கொண்டுவந்தது நம் இலக்கியம் என்பதே அப்பெருமை. அது வீண் பெருமையன்று. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். ராமையா, தெளிவத்தை ஜோசப் முதலியோரும், மாத்தளை மண்ணிலிருந்து எழுந்த மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு ஆகியோரும் ஏந்திய பேனா உழைக்கும் மக்களின் பக்கம் நின்ற பேனா என்பதில் இரு கருத்து இருக்க முடியாது.

ஆயினும் இவ்விலக்கியத்தை நேசிப்பவன் என்ற உரிமையோடு ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். தோட்டத்துப் பெண்ணின் உடலின்மீது அதிகாரம் செலுத்தியோரை ஒருவர்பின் ஒருவராக நிறுத்தி விசாரித்த இந்த இலக்கியம், பாடசாலையின் வாசலுக்கு வந்ததும் ஏன் குரலைத் தாழ்த்திக்கொண்டது? நம் கதைகளில் ஆசிரியர் பெரும்பாலும் விளக்கை ஏந்தியவராகவே வருகிறார். அவர் வறியவர், நேர்மையாளர், நிர்வாகத்தோடு மோதுபவர், லயத்துப் பிள்ளை ஒன்றையாவது கரையேற்றிவிட வேண்டுமென்று உருகுபவர். அத்தகையோர் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை மட்டுமே எழுதுவது யதார்த்தமாகுமா? எழுதியவர்களிற் பலர் ஆசிரியர்கள். வாசித்தவர்களிற் பெரும்பாலோரும் ஆசிரியர்கள். தன் கூட்டத்தைத் தானே விசாரணை செய்வது எவருக்கும் எளிதன்று. ஆதலின் அதிகாரத்தின் எல்லா முகங்களையும் வரைந்த ஓவியர்கள், தம் முகம் தெரியும் கண்ணாடியை மட்டும் சுவரின் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள்.

இதனைப் பிறர்மீது சுமத்தும் குற்றமாக நான் கூறவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் கற்பித்த ஒரு பாடசாலையில் ஆசிரியர் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர், இனிமையாகப் பாடுவார். போட்டிகளுக்குப் பிள்ளைகளைப் பயிற்றுவதில் அவருக்கு நிகர் எவருமில்லை. பாடசாலை விட்ட பின்னரும் ஒரே ஒரு மாணவியை மாத்திரம் அவர் நிறுத்தி வைத்துக்கொள்வதை நாம் பார்த்தோம். அப்பிள்ளை சில மாதங்களில் பேச்சடங்கிப் போனதையும் பார்த்தோம். ஆசிரியர் அறையில் அரைச் சொற்களும் இளநகையும் உலவின. எவரும் வாய் திறந்து கேட்கவில்லை. கடைசியில் ஏதோ முறைப்பாடு எழ, அவர் வேறொரு பாடசாலைக்கு இடமாற்றம் பெற்றார். பிரியாவிடைத் தேநீர் விருந்து நடந்தது. அதில் வாசிக்கப்பட்ட வாழ்த்துப்பாவை எழுதியவன் நான். எதுகையும் மோனையும் வழுவாத பா அது. அந்தப் பிள்ளை அடுத்த தவணைக்கு வரவில்லை. அது எங்கே போயிற்று என்று விசாரிக்க நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று நான் எழுதிய அந்தப் பாவுக்கு எழுதும் காலங்கடந்த மறுப்பே இக்கட்டுரை.

*

தாய் தந்தையர்க்கு அடுத்தும் தெய்வத்துக்கு முன்னும் குருவை நிறுத்துவது நம் முதுமொழி. எழுத்தறிவித்தவனை இறைவனாகக் கொள்வது நம் நீதிநூல். இம்மரபை முழுவதும் தூற்றி எறிய வேண்டுமென்று எவரும் சொல்ல மாட்டார். ஆனால் மரபு நமக்குச் சொன்னது அவ்வளவுதானா என்று சற்று ஆராய்தல் தகும்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பொதுப்பாயிரம் தமிழ் கற்றோர் அனைவரும் அறிந்தது. நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று அவர் கூறிய உவமைகளை ஆசிரியர் தின மேடைகளில் ஆண்டுதோறும் கேட்கிறோம். அதே பாயிரத்தில் ஆசிரியர் ஆகத் தகாதவர் யாவர் என்று வகுத்த பகுதி ஒன்று உண்டு. அதனை எந்த மேடையிலும் கேட்டதில்லை. கழற்சிக்காய் பெய்த குடம், மடல் நிறைந்த பனை, பஞ்சு திணித்த குண்டிகை, அயலான் நிலத்தில் காயுதிர்க்கும் வளைந்த தென்னை ஆகியவை அத்தகையோருக்கு அவர் தந்த உவமைகள். அவற்றோடு அவர்களின் குணங்களையும் எண்ணுகிறார்: இழிந்த இயல்பு, பொறாமை, ஆசை, வஞ்சனை, கேட்போர்க்கு அச்சம் தோன்றப் பேசுதல். ஈற்றில் வந்த இரண்டையும் நிதானமாக நோக்குங்கள். வஞ்சனையால் ஈர்த்தல், அச்சத்தால் வாயடைத்தல். மாணவரைச் சூறையாடும் ஆசிரியனின் ஆயுதங்கள் இன்றும் இவ்விரண்டே.

ஆனால் அந்நூலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆசிரியனின் தகுதிகளைச் சொல்லத் தொடங்கும்போதே நற்குலத்தை முதலில் வைத்த நூல் அது. பாடஞ்சொல்லத் தகாத மாணாக்கரின் பட்டியலில் காமியைப் பெயர் சொல்லிச் சேர்த்த அது, ஆசிரியனிடத்துள்ள காமத்தைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. இழிகுணம், ஆசை என்னும் பொதுச்சொற்களில் அடக்கிவிட்டது. மாணாக்கன் ஆசிரியனை நிழல்போல் நீங்காது, நெருப்பில் குளிர்காய்பவன்போல் அகலாதும் அணுகாதும் அஞ்சி வழிபட வேண்டும் என்றது. அணுகாதிருக்க வேண்டிய பொறுப்பு மாணாக்கனுடையது. நெருப்பே எழுந்து வந்து பிள்ளையைத் தீண்டினால் என்ன செய்வது என்பதற்கு அங்கே விதி இல்லை.

ஏகலைவன் கதையையும் எண்ணிப் பார்க்கலாம். முற்போக்காளராகிய நாம் அதனைச் சாதிக் கொடுமையின் கதையாகப் படித்தோம்; சரியாகவே படித்தோம். ஆயினும் அதில் இன்னொரு பாடமும் உண்டு. மாணவனின் உடலில் ஓர் உறுப்பைக் காணிக்கையாகக் கேட்க ஆசிரியனுக்கு உரிமை உண்டு என்றும், மறுக்காது கொடுப்பதே மாணவனின் சிறப்பு என்றும் ஒப்புக்கொண்ட சமுதாயத்தின் கதை அது. கேட்டவனை விட்டுக் கொடுத்தவனைப் புகழ்ந்தே நாம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வந்திருக்கிறோம். அடிக்கும் கைக்குப் பணிந்த பிள்ளை, தடவும் கைக்கும் பணியும். 2021 பெப்ரவரியில் இலங்கை உயர் நீதிமன்றம், மாணவன் ஒருவனை ஆசிரியர் அடித்ததை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை காக்கும் அடிப்படை உரிமையின் மீறலெனத் தீர்த்தது. பிள்ளையின் உடல் ஆசிரியரின் சொத்தன்று என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள்.

*

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். மன்னார்க் கரையிலிறங்கித் தம்புள்ளை வழியே நடந்து வந்த மக்கள் கோப்பியும் கொக்கோவும் இறப்பரும் தேயிலையும் வளர்த்த மலைகள் இவை. ரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளைச் சரிவுகளின் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்டத்தின் தயவில் நடந்தவை. 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர் என்பதே பல இடங்களின் வரலாறு. அந்த ஒற்றை ஆசிரியர் பாடஞ் சொன்னதோடு நிற்கவில்லை. கடிதம் வாசித்தார், மனு எழுதினார், பிறப்புப் பதிவு முதல் பிரசாவுரிமை வரை வழிகாட்டினார். மக்கள் அவருக்குக் கடன்பட்டார்கள். அக்கடன் மெய்யானது. மெய்யான கடன் என்பதனாலேயே அதனைத் தீயவன் ஒருவன் பயன்படுத்துவது எளிதாயிற்று.

இத்தீமை திடீரென்று பாய்ந்து வருவதன்று. தீனி காட்டிப் பழக்கி வசப்படுத்துவது போன்றது. முதலிற் பிள்ளையைத் தெரிவு செய்தல்: தந்தை குடிக்கும் வீடு, தாய் வெளிநாட்டுப் பணிக்குப் போன வீடு, கேட்பாரற்ற பாட்டி வளர்க்கும் வீடு ஆகியவற்றின் பிள்ளையே பெரும்பாலும் தெரிவாகும். அடுத்துப் பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுதல். மாலையில் லயத்துக்கு வந்து, உங்கள் பிள்ளைக்கு மூளை இருக்கிறது, நான் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன், காசு வேண்டாம் என்று ஆசிரியர் கூறினால் கையெடுத்துக் கும்பிடாத தாய் எங்கேயிருக்கிறாள்? பின்னர் பேனா, சப்பாத்து, கைத்தொலைபேசி எனச் சிறு பரிசுகள். பின்னர் இரகசியம்: இதை மற்றவர்களிடம் சொல்லாதே, பொறாமைப்படுவார்கள். பின்னர் இரவில் வரும் குறுஞ்செய்திகள். 2020 முதல் நோய்த்தொற்றால் பாடசாலைகள் மூடிக் கிடந்த காலத்தில் தொலைபேசி வழியே நடந்த கல்வி பல நன்மைகளைச் செய்தது. ஆசிரியரின் தனிச்செய்தி பிள்ளையின் படுக்கை வரை செல்வதையும் அதுவே இயல்பாக்கிவிட்டது. பின்னர் விளையாட்டுப்போல ஒரு தொடுகை. அதற்குப் பிள்ளை மறுத்துப் பேசுகிறதா என்று ஒரு சோதனை. பேசாவிடின் அடுத்த படி. எல்லாம் முடிந்தபின் குற்றத்தைப் பிள்ளையின் தலையில் வைத்தல்: நீயும் விரும்பித்தானே வந்தாய்?

ஒவ்வொரு படியையும் தனியே எடுத்துப் பார்த்தால் அது நல்லாசிரியனின் அன்பாகவே தோன்றும். ஆகையால் அடையாளங்களை அறிந்திருத்தல் அவசியம். நல்லாசிரியன் உதவியைப் பலர் அறியச் செய்வான். இவன் இரகசியமாகச் செய்வான். நல்லாசிரியன் பிள்ளையைப் பெற்றோரோடும் தோழரோடும் இணைப்பான், இவன் பிரிப்பான். நல்லாசிரியனிடம் பிள்ளை வேண்டாம் என்று சொல்ல முடியும். இவனிடம் சொன்னால் விலை கொடுக்க வேண்டும். பலியாவோர் பெண் பிள்ளைகள் மட்டுமல்லர். ஆண் பிள்ளையின் துயரம் அவமானமாகி அடியோடு புதைந்துவிடுகிறது.

பிள்ளை ஏன் சொல்வதில்லை என்று கேட்போர் லயத்து வாழ்க்கையை அறியாதவர். சொன்னால் முதலில் நிற்கப்போவது படிப்பு என்பது அச்சிறுமிக்குத் தெரியும். படிப்பு நின்றால் கொழும்பில் ஏதோ ஒரு வீட்டுச் சமையலறை, அல்லது அவசரக் கல்யாணம். மலையிலிருந்து இறங்க அவளுக்கிருக்கும் ஒரே ஏணி பாடசாலை. அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவனே அவளை வதைக்கிறான். இந்நிலையில் அவளது மௌனம் அறியாமையன்று. அவளுக்குத் தெரிந்த கணக்கு. அவுஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நிகழ்ந்த சிறுவர் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவிடம் 8,000க்கு மேற்பட்டோர் தனியமர்வுகளில் பேசினர். தமக்கு நேர்ந்ததை முதன்முதலாக வெளியிட அவர்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் சென்றன என்று அது கண்டது. வசதியும் சட்டமும் மிகுந்த நாட்டில் அவ்வளவு காலமென்றால், நம் மலைகளில் எத்தனை பேர் சொல்லாமலே மாண்டிருப்பர்!

*

சொன்னவர்க்கு நேர்வது யாது? கொழும்பிலே தமிழ் மாணவி ஒருத்தி, தன் பாடசாலை ஆசிரியர் ஒருவர்மீது 2024இல் முறைப்பாடு செய்தாள். பொலிஸ் விசாரணை தொடங்கியது; ஆசிரியர் இடமாற்றப்பட்டார். பிரத்தியேக வகுப்பு நடத்துநர் ஒருவர் ஏனைய மாணவர் முன்னிலையில் அவளை இழிவுபடுத்தியதாகப் பெற்றோர் பின்னர் கூறினர். 2025 ஏப்ரல் 29ஆம் நாள் கொட்டாஞ்சேனையில் அப்பிள்ளை உயிர்நீத்தாள். மே 8ஆம் நாள் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் மக்கள் வீதிக்கு வந்தனர். அம்மாதத்திலேதான் ஆசிரியரைக் கட்டாய விடுமுறையில் அனுப்பியதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. குற்றம் மெய்யா என்பதைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் முறையிட்ட பிள்ளையைச் சூழ்ந்து நின்று காப்பது யார் வேலை? அது நம்முடைய வேலை அன்றோ?

கடல் கடந்தும் இதே கதைதான். சென்னை கே. கே. நகரில் புகழ்பெற்ற பத்மா சேஷாத்திரி பள்ளியில் ஆசிரியர் ஒருவர் 2021 மே மாதம் கைதானார். முன்னாள் மாணவிகள் சமூக வலைத்தளங்களில் எழுதிய பின்னரே அது நடந்தது. கலைக்குக் கோயிலெனப் போற்றப்படும் கலாக்ஷேத்திராவில் 2023 மார்ச் இறுதியில் மாணவர் போராடினர். ஏப்ரல் 3ஆம் நாள் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். குருவின் காலைத் தொட்டு வணங்கிப் பாடந் தொடங்கும் இடத்திலேயே, எழுந்து நின்று கேள்வி கேட்பது எத்துணைக் கடினமாக இருந்திருக்கும்! கோயம்புத்தூரில் 2021 நவம்பரில் மாணவி ஒருத்தி இறந்தபோது, ஆசிரியரோடு, அறிந்தும் அறிவிக்கவில்லை என்று பள்ளி முதல்வரும் கைதானார். இந்தியாவின் 2012ஆம் ஆண்டுச் சட்டம், கல்வி நிறுவனத்தார் செய்யும் குற்றத்தைக் கடுங்குற்றமாக வகுத்ததோடு, அறிந்து மறைப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. அந்த இரண்டாவது விதியை நம் நாட்டு ஆசிரியர் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், சம்மத வயதை 12இலிருந்து 16க்கு உயர்த்தியது. கடுமையான பாலியல் துஷ்பிரயோகம், பாலியல் தொந்தரவு என்னும் குற்றங்களைத் தண்டனைச் சட்டக்கோவையிற் சேர்த்தது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை பிறந்தது. அதன் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் தமிழிலும் முறையிடலாம். சிறுவரின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக நீதிமன்றத்தில் ஏற்க 1999இல் வழி செய்யப்பட்டது. சட்டம் மலையேறி வருவதில்லை என்பதே குறை. அது வரும் பாதையில் முதல் தடையாக நிற்பது பெரும்பாலும் பாடசாலையின் நற்பெயர் என்னும் பொய்த் தெய்வம். பிள்ளையின் பெயரைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் காப்பது பெயர்ப்பலகையை.

அத்தடையின் மற்றொரு பெயர் இடமாற்றம். குற்றஞ்சாட்டப்பட்ட ஆசிரியரை வேறு பாடசாலைக்கு அனுப்பிவிட்டால் விடயம் முடிந்ததென்று அதிகாரிகள் கருதுகின்றனர். அவரைப் பெற்றோர் குரல் உயர்ந்த நகரப் பாடசாலைக்கு அனுப்பத் துணிவார்களா? ஆசிரியரே கிடையாத, எவர் வந்தாலும் கும்பிட்டு வரவேற்கும் கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கே அனுப்புவார்கள். இது ஆசிரியருக்குத் தண்டனையன்று. அங்கே புதிதாக அவர் முன் உட்காரப்போகும் பிள்ளைகளுக்கே தண்டனை. வறியோரின் பாடசாலையைக் குப்பைத்தொட்டியாகக் கருதும் வர்க்கப் புத்தி இதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

*

இங்கே தொழிற்சங்கத் தோழர்களோடு ஒரு சொல். அதிகாரியின் பழிவாங்கலிலிருந்து ஆசிரியரைக் காத்தது சங்கம். அதன் வரலாறு பெருமைக்குரியது. பொய்க் குற்றச்சாட்டு எழக்கூடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் நிரபராதியைக் காப்பது ஒழுங்கான விசாரணை, மூடி மறைத்தலன்று. மறைக்கப்பட்ட இடத்தில் வதந்தி ஆளும். வதந்திக்கு நிரபராதி, குற்றவாளி என்ற பேதமில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட உறுப்பினருக்கு நேர்மையான விசாரணையைச் சங்கம் கோரலாம், கோர வேண்டும். அவருக்காக இடமாற்றப் பேரம் பேசுதல், பிள்ளையின் பெற்றோரிடம் சமாதானத்துக்குத் தூது போதல், முறையிட்ட பிள்ளையின் ஒழுக்கத்தை ஆராய்தல் ஆகிய மூன்றையும் செய்யோம் என்று சங்கங்கள் பகிரங்கமாகத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தொழிலாளியின் பிள்ளையைக் காவாத தொழிற்சங்கம் எந்த வர்க்கத்தின் சங்கம்?

நடைமுறையிற் செய்யத்தக்கவை மிக எளியவை. தனி வகுப்பு நடக்குமாயின் கதவு திறந்திருக்கட்டும். இன்னொருவர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மாணவருக்குச் செய்தி அனுப்புவதாயின் பெற்றோரும் உள்ள குழுவிலே அனுப்புக. தமிழ் மொழித் தினப் போட்டிக்கும் விளையாட்டுக்கும் பிள்ளைகளை வெளியூர் அழைத்துச் செல்லும்போது ஓர் ஆசிரியர் மட்டும் செல்லுதல் கூடாது. மாணவியர் குழுவில் ஆசிரியை ஒருவர் கட்டாயம் இருத்தல் வேண்டும். நகரத்துப் பிரத்தியேக வகுப்புகளுக்கும் இதே விதிகளைப் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளை ஒன்று வாய் திறந்தால் குறுக்கிடாது கேளுங்கள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேளாதீர்கள். எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று பொய் வாக்குக் கொடாதீர்கள். அதிபர் அறையில் வட்டமாக உட்கார்ந்து பிள்ளையை நாமே விசாரிப்பது பெருந்தவறு. உரிய அதிகாரிகளிடம் உடனே அறிவிப்பதே நம் வேலை. மாணவத் தோழர்களே, உங்கள் தோழி சொன்னால் நம்புங்கள். அவள் பெயரை ஊருக்குப் பரப்பாதீர்கள்.

இறுதியாக எழுத்தாளரிடம் கேட்க ஒன்று உண்டு. தன் உடலுக்கு நேர்ந்ததைச் சொல்லப் பிள்ளைக்கு முதலில் சொல் வேண்டும். கெட்டுப்போனவள், மானமிழந்தவள், களங்கப்பட்டவள் என்று பலியானவள்மீதே பழி சுமத்தும் சொற்களை நாம் ஏராளமாகப் படைத்துக் கொடுத்திருக்கிறோம். செய்தவனைக் குறிக்கும் சொற்களைக் கொடுத்தோமில்லை. அந்தச் சொற்களைப் படைப்பதும், லயத்துச் சிறுமி தலைநிமிர்ந்து பேசும் கதையை எழுதுவதும் இன்றைய முற்போக்கு இலக்கியத்தின் கடமை.

நல்லாசிரியர்களை இக்கட்டுரை புண்படுத்துமோ என்று நண்பர் ஒருவர் கேட்டார். புண்படுத்தாது. தம் தொழிலை நேசிப்போர் அதன் பெயரால் நடக்கும் கொடுமையைக் கண்டு முதலில் கொதித்தெழுவர். அன்று அந்தத் தேநீர் விருந்தில் ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து நின்று அந்தப் பிள்ளை எங்கே என்று கேட்டிருந்தால், என் வாழ்த்துப்பா வாசிக்கப்பட்டிராது. அந்தக் கேள்வியை இனி ஒவ்வோர் ஆசிரியர் அறையிலும் எவரேனும் கேட்கட்டும்.